மாசிக்காய் ஓட்டையும் ரோல்பேக் இல்லாத ரிலீஸும்

நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் வாங்கியிருக்கிறீர்களா? கைக்குழந்தை இருக்கிற வீடாக இருந்தால் வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய் கூட்டணியோடு இதுவும் உரைகல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கோலிக்குண்டு சைஸ், கரடுமுரடான தோல், கல்லு மாதிரி கெட்டி. பேருதான் காய். ஆனால் அது காயே இல்லை மக்களே! பூத்துக் காய்த்து வந்ததில்லை, உள்ளே விதையும் கிடையாது. துருக்கி, சிரியா, ஈரான் பக்கம் வளரும் ஒரு வகை ஓக் மரத்தில், எறும்பு சைஸ் குளவி ஒன்று முட்டை வைத்த இடத்தில் மரம் வீங்கிக் கட்டி தட்டுகிறது. அந்தக் கட்டிதான் கப்பலேறி, பல கை மாறி, நம்ம ஊர்க் கடையில் மாசிக்காய் என்று பெயர் வாங்கிக்கொண்டது.

கையில் கிடைத்தால் உருட்டிப் பாருங்கள். சிலதில் ஓர் ஓட்டை இருக்கும். ஓட்டை விழாததுதான் உசத்தி என்பது பழைய வியாபாரிகள் கணக்கு. சரி, ஓட்டை போட்டது யார்? 'கட்டி உண்டாகக் காரணமான குளவிதான்' என்று பதில் சொன்னால் பாதி மார்க்தான். ஓக் கட்டிக்குள் இருந்து வெளியே வருகிறவன் அந்த வீட்டுக்காரனாகத்தான் இருக்கணும்னு கட்டாயம் இல்லை. வீட்டுக்காரனைத் தின்று தீர்த்துவிட்டு வேறொருத்தன் ஓட்டை போட்டு வந்திருக்கலாம்.

அந்த வேறொருத்தனைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பொட்டி தட்டிப் பிழைக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கு. இந்தக் கொலைகாரக் குளவிகளைப் பிடித்துக் கொண்டுபோய்ப் புது நாட்டில் 'ரிலீஸ்' பண்ணுகிறார்கள். எங்க தொழிலிலும் அதே வார்த்தைதான். ஒரே ஒரு வித்தியாசம், நாங்க ரிலீஸ் பண்ணினது சொதப்பினால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். குளவிக்கு ரோல்பேக் கிடையாது. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கு, கொஞ்சம் அழுத்தமாகவே. அதைச் சொல்றதுக்கு முன்னாடி கதாபாத்திரங்களை அறிமுகப்படுத்திடுறேன்.

முதல் ஆள், கட்டிக் குளவி. ஓக் மரத்தை நம்பிப் பிழைப்பவை மட்டும் உலகத்தில் சுமார் 1,000 இனங்கள். மொட்டு, இலை, கிளை, வேர், ஓக் கொட்டை என்று ஒவ்வொன்றும் தனக்கு ஓர் இடம் வைத்திருக்கும். முட்டை பொரிந்து புழு வந்ததும் மரத்தின் வளர்ச்சியே அது சொன்னபடி ஆடுகிறது. மரம் தன் செலவில் வீடு கட்டி, உள்ளே சாப்பாடும் போட்டுக் கொடுக்கிறது. (வட்டி இல்லாத ஹோம் லோன், இஎம்ஐயும் கிடையாது. குடுத்து வச்ச புழு!) வீட்டு டிசைன் இனத்துக்கு இனம் மாறும். ஒன்று ஆப்பிள் மாதிரி, ஒன்று பஞ்சு மாதிரி, ஒன்று முள்ளு முள்ளாக, ஒன்று பிசுபிசுவென்று. சில கட்டிகள் தேன் மாதிரி ஒரு திரவம் சுரந்து எறும்புகளை வரவழைக்கும். எறும்பு ஏற விடாமல் தடுத்துப் பார்த்தால் அந்தக் கட்டிகள் மீது தாக்குதல் கூடுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆக, கூலிக்கு வாட்ச்மேன்!

இவ்வளவு பந்தோபஸ்து யாருக்குப் பயந்து? அதுதான் இரண்டாவது ஆள். ஆங்கிலத்தில் பாரசிட்டாய்டு என்பார்கள். பேன், உண்ணி மாதிரி சாதாரண ஒட்டுண்ணி ரத்தத்தைக் குடித்தாலும் ஆளை விட்டுவைக்கும், ஆள் போனால் அதற்குத்தானே நஷ்டம். இது அப்படி இல்லை. தாய்க் குளவி ஊசி மாதிரி உறுப்பால் கட்டியைத் துளைத்து, உள்ளே இருக்கும் புழுவின் மேலோ பக்கத்திலோ முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். பொரிந்து வரும் குட்டி அந்தப் புழுவைத் தின்றே வளரும், கடைசியில் புழு காலி. நீலம், பச்சை, தங்கம் என்று மின்னுகிற, சில மில்லிமீட்டர் நீளக் குளவிகள் இவை. பார்த்தால் நகைக்கடை, செய்வது கொலை.

கூட்டத்தில் இன்னொருத்தனும் உண்டு. சொந்தமாகக் கட்டி உண்டாக்கத் தெரியாது, அடுத்தவன் கட்டிக்குள் புகுந்து அதைத் தின்று வளருவான். (சொந்தமா ஒரு பதிவு கூட எழுதாமல் அடுத்தவன் பின்னூட்டப் பெட்டியிலேயே கும்மி அடிக்கும் அனானி அன்பர்களை இங்கே நினைவுகூர்கிறேன் :-)) யூரிடோமா மாதிரி சிலதுக்கு அந்த அளவு பேதம்கூடக் கிடையாது. கட்டிக்குள் இருப்பது வீட்டுக்காரனா, குடித்தனக்காரனா, இன்னொரு கொலைகாரனா என்று பார்க்காமல் தின்றுவிடும். சுண்டைக்காய் சைஸ் கட்டிக்குள்ளே இத்தனை அரசியல்!

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் குளவிகளைப் பற்றிப் பேசும்போது ஒரு சான்றிதழ் அடிக்கடி கண்ணில் படும். 'இது இந்த ஒரே இனத்தைத்தான் தாக்கும், வேற எதையும் தொடாது' என்கிற சான்றிதழ். நம்ம பாஷையில் சொன்னால் ஏகபத்தினி விரதன். என் கட்சி என்னவென்றால், அந்தச் சான்றிதழ் முக்கால்வாசி நேரம் குளவியின் ஒழுக்கத்தைச் சொல்வதில்லை. நாம் எவ்வளவு தூரம் தேடிப் பார்த்தோம் என்பதைத்தான் சொல்கிறது.

உதாரணத்துக்கு யூடெரஸ் செட். அமெரிக்காவில் ஃப்ளோரிடா கடலோர ஓக் மரங்களில் சேகரித்த கட்டிகளில் இருந்து கிடைத்தது. 2017ல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஈகன், கெல்லி வைனர்ஸ்மித் குழு இதை உலகுக்கு அறிமுகம் செய்தது. பாசெட்டியா பாலிடா என்கிற கட்டிக் குளவி ஓக் கிளைக்குள் சின்ன அறையில் வளரும். வளர்ந்ததும் ஓட்டை போட்டு வெளியே போகணும், அதுதான் வழக்கம். யூடெரஸ் செட் உள்ளே நுழைந்துவிட்டால் கதை மாறும். பாசெட்டியா வழக்கத்தைவிடச் சின்ன ஓட்டையாகப் போட்டு, அதில் தன் தலையையே அடைப்பாக வைத்துவிட்டுச் செத்துப் போகும். உள்ளே யூடெரஸ் அதைச் சாவகாசமாகத் தின்று வளர்ந்து, கடைசியில் அந்தத் தலையைக் குடைந்துகொண்டு வெளியே வரும்!

ஏன் இந்தச் சுற்றுவழி? அதையும் சோதித்திருக்கிறார்கள். தலைக்கு மேல் ஒரு துண்டு மரப்பட்டையை வைத்து மூடிப் பார்த்தால், யூடெரஸ் உள்ளேயே மாட்டிச் சாகிற வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு கூடியது. மரப்பட்டையைக் குடையும் வேலையை அடுத்தவன் தலையில் கட்டுவது என்றால் இதுதான். எகிப்தியக் கதையில் தன் அண்ணனைப் பெட்டிக்குள் அடைத்த 'செட்' கடவுளின் பெயரை வைத்தது பொருத்தம்தான்.

இதைப் படிக்கும் யாருக்கும் என்ன தோன்றும்? இன்னொரு பிராணியின் நடத்தையையே மாற்றி ஆட்டிவைக்கணும்னா அதைப் பற்றி அங்குலம் அங்குலமாகத் தெரிந்திருக்கணும், அப்படியானால் இது நிச்சயம் ஏகபத்தினி விரதன்தான் என்று. நியாயமான ஊகம். ஆனால் 2019ல் அதே ஆய்வாளர்களில் சிலரும் ஆண்ட்ரூ ஃபோர்ப்ஸும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஊகத்தைக் கவிழ்த்துவிட்டது. யூடெரஸ் செட் இன்னும் குறைந்தது ஆறு கட்டிக் குளவி இனங்களைத் தாக்குகிறது, அவற்றையும் இதே மாதிரி ஆட்டிவைக்கிறது. அந்த ஆறும் நெருங்கிய சொந்தமும் இல்லை, வெவ்வேறு கிளைக் குடும்பங்கள். அவற்றுக்கு இருந்த பொதுவான அம்சம் வீடுதான். முள், முடி, தேன் என்று எந்தப் பாதுகாப்பும் இல்லாத கட்டிகள். குளவி ஜாதகம் பார்க்கவில்லை, கதவு பூட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறது.

இது ஒற்றை உதாரணம் இல்லை. எந்தக் கட்டியை எந்தக் குளவி தாக்கும் என்பது, எந்த ஓக் மரம், மரத்தின் எந்தப் பாகம், எந்தப் பருவம், கட்டியின் உடல் அமைப்பு என்ன என்பவற்றைப் பொறுத்து அமைகிறது என்று 2009ல் வந்த ஒரு பெரிய ஆய்வும் காட்டியது. இதை மனதில் வைத்துக்கொண்டு இத்தாலிக்கு வாங்க.

செஸ்ட்நட் மரம் ஓக் மரத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அதற்கும் ஒரு கட்டிக் குளவி உண்டு, பூர்வீகம் சீனா. 1941ல் ஜப்பானில் தென்பட்டது, 1974ல் அமெரிக்கா, 2002ல் இத்தாலியின் பீட்மாண்ட் பகுதி. எல்லாமே பெண், ஆண் துணை இல்லாமலே பெருகும் ரகம். மொட்டுக்குள் முட்டை வைப்பதால் தளிர் வரவேண்டிய இடத்தில் கட்டி வரும். இலை இல்லை, பூ இல்லை, காய் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் செஸ்ட்நட்டை நம்பியிருந்த மலைக் கிராமங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மருந்து அடிக்கலாமே என்றால், புழு மொட்டுக்கும் கட்டிக்கும் உள்ளே இருக்கு, மருந்து போய்ச் சேராது. பக்கத்து ஓக் காடுகளில் இருந்து உள்ளூர்க் கொலைகாரக் குளவிகள் இந்தப் புதுக் கட்டிகளுக்கு வரத்தான் செய்தன. ஆனால் சொற்ப எண்ணிக்கை, போதவில்லை.

ஜப்பான் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. செஸ்ட்நட் கட்டிக் குளவியின் சொந்த ஊர் எதிரியான டோரிமஸ் சைனென்சிஸைச் சீனாவில் இருந்து வரவழைத்து, 1982ல் ட்சுகுபாவில் 260 பெண் குளவிகளை விட்டார்கள். வெறும் 260! அவை பெருகிப் பரவின, தொல்லை அடங்கியது. இத்தாலியும் ஜப்பானில் இருந்து வாங்கி 2005ல் ரிலீஸ் ஆரம்பித்தது. அங்கேயும் வெற்றி. செஸ்ட்நட் மரங்கள் மறுபடி துளிர்த்தன. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்த விவசாயிகள் நிலைமையில் நான் இருந்திருந்தால் டோரிமஸ் டப்பாவைக் கையில் வாங்க முதல் ஆளாக வரிசையில் நின்றிருப்பேன்.

ஆனால் ரிலீஸின்போது கூடவே கொடுக்கப்பட்ட சான்றிதழ் இருக்கே, அதே ஏகபத்தினி விரதன். ஆய்வகத்தில் சில கட்டிகளை முன்னால் வைத்துப் பார்த்தார்கள், டோரிமஸ் சீண்டவில்லை, பாஸ். 2011லேயே ஓர் ஆய்வாளர் குழு, மற்ற கட்டிகளைத் தாக்குமா, உள்ளூர் டோரிமஸ் இனங்களோடு கலந்துவிடுமா என்பதெல்லாம் இன்னும் சரியாகப் பார்க்கப்படவில்லை என்று கேள்வி எழுப்பியது. காரணம் இல்லாமல் இல்லை. ஜப்பானில் உள்ளூர் இனமான டோரிமஸ் பெனிஃபிகஸோடு சீனத்து ஆள் கலந்தது பதிவாகியிருக்கு, சில இடங்களில் உள்ளூர்க்காரர் இடத்தையே காலி செய்யவேண்டி வந்தது.

பிறகு இத்தாலியில் காட்டுக்குள்ளேயே போய்ப் பார்த்தார்கள். 2017ல் வந்த முடிவு: செஸ்ட்நட் அல்லாத 14,512 கட்டிகள், பெரும்பாலும் ஓக் கட்டிகள். அவற்றில் இருந்து வந்த கொலைகாரக் குளவிகள் 8,708. அதோடு, 15 வகைக் கட்டிகளில் இருந்து 116 டோரிமஸ் சைனென்சிஸ்!

இங்கே ஒருத்தர் கையைத் தூக்குவார், எனக்குத் தெரியும். "116 தானே தம்பி? நூற்றுக்கு ஒன்றரை கூட வரலை. இதுக்கு ஒரு பதிவா?" நியாயமான கேள்வி. அதுவும் செஸ்ட்நட் கட்டி மலிந்து கிடந்தபோதுதான் டோரிமஸும் மலிந்திருக்கும், அப்போதுதான் அக்கம்பக்கம் சிந்தும். கட்டி குறைந்தால் டோரிமஸும் குறையும். இதுவும் நியாயம்தான். ஓக் காடே அழிந்துவிட்டது என்றெல்லாம் நான் சொல்லவே இல்லை. அப்படி யாரும் காட்டவும் இல்லை.

என் சண்டை 116 என்ற எண்ணோடு இல்லை, பூஜ்யம் என்று எழுதியிருந்த இடத்தோடு. டெஸ்ட் ரிப்போர்ட்டில் 'பிரச்சினை இல்லை' என்று போடுவதற்கும் 'நாங்கள் சோதித்த சில கேஸ்களில் பிரச்சினை தென்படவில்லை' என்று போடுவதற்கும் உள்ள தூரம் எங்க தொழிலில் எல்லோருக்கும் தெரியும். முதல் வாக்கியத்தைப் படித்த மேனேஜர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். இரண்டாவதைப் படித்தவர் ரிலீஸுக்கு அப்புறம் லாகைப் பார்க்க ஓர் ஆளைப் போடுவார். ஓக் கட்டி விஷயத்தில் அந்த 14,512 கட்டிகளைச் சேகரித்த புண்ணியவான்கள்தான் லாக் பார்த்த ஆட்கள். அவர்கள் போகாமல் இருந்திருந்தால் பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றிருக்கும்.

இன்னொரு கோணம். எந்தக் கட்டிகளை வைத்துச் சோதிப்பது என்று எப்படித் தேர்ந்தெடுப்பது? உயிரியல் கட்டுப்பாட்டில் வழக்கம், சொந்தபந்தம் பார்ப்பது. தாக்கப்படும் பூச்சிக்கு நெருங்கிய உறவில் ஆரம்பித்து, தூரத்து உறவு வரை போவது. பொதுவாக நல்ல முறைதான். ஆனால் யூடெரஸ் செட் சொன்ன பாடம் என்ன? கட்டிக்குள் இருப்பவனைத் தேடும் குளவிக்கு உறவுமுறையைவிட வீட்டு அமைப்பு முக்கியமாகலாம். அப்படியானால் வசந்த காலத்தில், மொட்டில், முள்ளோ முடியோ இல்லாமல் வருகிற ஓக் கட்டிகள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பட்டியல் போட்டு, அவற்றை முதலில் சோதிப்பதுதானே புத்திசாலித்தனம்?

நம்ம ஊரில் ஓக் இல்லாவிட்டாலும் கட்டி இருக்கு, கொலைகாரனும் இருக்கான். நெல்லில் ஆனைக்கொம்பன் தெரியும் இல்லையா? பயிரின் நடுக்குருத்து வெங்காயத்தாள் மாதிரி வெள்ளைக் குழலாக நீண்டு போகுமே, அது. குளவி இல்லை, ஒரு கொசு சைஸ் ஈயின் வேலை. அதற்கு எதிரி பிளாட்டிகேஸ்டர் ஒரைசே என்கிற குட்டிக் குளவி. அந்தக் குளவி ஏற்கெனவே உள்ளே குடியேறிய ஆனைக்கொம்பன் குழல்களை எடுத்து, 10 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் நட்ட வயலில் வைக்கச் சொல்லி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இதுவும் ரிலீஸ்தான். ஆனால் அதே ஊரில், அதே வயல்களில் காலங்காலமாக இருப்பவனைப் பக்கத்து வயலுக்குக் கூட்டிப் போகிறோம். கண்டம் விட்டுக் கண்டம் போகவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "இயற்கை முறை, அதனால் பாதுகாப்பு" என்று சொல்லும்போதுதான் எனக்கு எரிச்சல் வரும். 'இயற்கை' என்பது இங்கே ஒரு பதிலே இல்லை. டோரிமஸும் இயற்கைதான், அது அழிக்கப் போன கட்டிக் குளவியும் இயற்கைதான்.

ஆக என் தீர்ப்பு (கேட்காவிட்டாலும் சொல்வேன்):

1. குளவியை விடலாம். பட்டினி கிடக்கும் விவசாயியிடம் போய் "ஓக் காட்டு நுண்ணுயிர்ச் சமநிலை" என்று லெக்சர் அடிக்கிற யோக்கியதை நமக்குக் கிடையாது.

2. 'வேறெதையும் தொடாது' என்று எழுதாதீர்கள். எத்தனை வகைக் கட்டிகளை, எத்தனை எண்ணிக்கையில், எந்தப் பருவத்தில் சோதித்தோம் என்று எழுதுங்கள். படிப்பவன் முடிவு பண்ணிக்கொள்ளட்டும்.

3. ரிலீஸுக்கு முன்னால் அக்கம்பக்க ஓக் கட்டிகளில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு, ரிலீஸுக்குப் பிறகு பல வருடங்களுக்கு அதே கணக்கெடுப்பு. முன்னால் எண்ணாதவன் பின்னால் எது குறைந்தது என்று எப்படிச் சொல்வான்? இதற்கான காசு ரிலீஸ் பட்ஜெட்டிலேயே இருக்கணும். அப்புறம் பார்த்துக்கலாம் என்றால் அது நடக்காது என்று நம்ம எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவதுதான் கஷ்டம். ஏனென்றால் அந்த வேலைக்குப் பூச்சியைப் பார்த்ததும் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும். 2 மில்லிமீட்டர் பச்சைக் குளவியில் இது டோரிமஸ் சைனென்சிஸா, உள்ளூர் டோரிமஸா என்று பிரிக்க வருடக்கணக்கில் பழகிய கண் வேண்டும். 2018ல் ஃபோர்ப்ஸ் குழு ஒரு வாதம் வைத்தது. உலகில் இன வகை அதிகம் உள்ள பூச்சிக் கூட்டம் வண்டுகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், இந்த ஒட்டுண்ணிக் குளவிகளை ஒழுங்காக எண்ணினால் குளவி, தேனீ, எறும்பு வரிசைதான் முந்தும் என்று. அவ்வளவு கூட்டம் இன்னும் பெயர்கூட இல்லாமல் கட்டிக்குள் உட்கார்ந்திருக்கு. பெயரே தெரியாதவன் காணாமல் போனால் யார் போய்ப் புகார் கொடுப்பது?

டெக்சாஸ், நியூஜெர்சி, இங்கிலாந்து என்று ஓக் மர தேசங்களில் குடியிருக்கும் நம்ம பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளிர்காலத்தில் நடக்கப் போகும்போது கிளையிலோ கீழே உதிர்ந்த இலையிலோ ஓட்டை விழாத கட்டி கிடைத்தால் நாலைந்து எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் போடுங்க. வாய்க்கு மெல்லிய துணி கட்டி, வெயில் படாத பால்கனி மூலையில் வைத்துவிட்டு வசந்தம் வரை பொறுமையாக இருங்க. யார் வெளியே வருகிறார்கள் என்று படம் எடுத்துப் பதிவு போடுங்க. நம்ம ஊர் மக்கள் மாவிலையில் கொப்புளம் கொப்புளமாக இருப்பதை வைத்து இதையே செய்யலாம். உள்ளே இருந்த ஆளே வந்தாரா, வேற யாராவது வந்தாரா என்று சொல்லுங்க, கேட்க ஆவலாக இருக்கேன்.

டிஸ்கி: குளவி என்றதும் பயப்பட வேண்டாம். இந்தச் சைஸ் ஆட்கள் மனிதரைக் கொட்டுவதில்லை. அவங்க டார்கெட்டே வேற :-)